மறுநாள் பாடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு உங்கள் கம்பெனிப் பாடங்கள் வந்ததைச் சொன்னேனே. தினம் வேலை தொடங்குமுன் போனில் மூன்று நிமிடப் படம், முடிவில் ஒரு கேள்வி. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. முன்பெல்லாம் நாள் முழுக்க வகுப்பு வைப்பார்கள்; பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம். எந்தக் கறைக்கு எந்தச் சோப்பு என்பது எனக்கே இப்போதுதான் பிடிபட்டது. படத்தில் பேசுவது என் மகள் என்று கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று கூப்பிடுவோம். உன்னைவிட இளையவள். போன வாரம் இஸ்திரி மெஷின் உருளையில் படுக்கை விரிப்பு சிக்கிக்கொண்டது. அன்று காலைப் பாடமே அதுதான்: சுவிட்சை அணை, மூடியைத் திற, துணியை எடு. அப்படியே செய்தாள். அணைத்த பிறகும் உருளை கொஞ்ச நேரம் சுற்றும், நின்றபின்தான் கை வைக்க வேண்டும் என்பது மறுநாள் பாடத்தில் இருந்தது. அலறல் கேட்டு நான் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

"கேள்விக்குச் சரியாத்தானே பதில் சொல்லியிருக்கா, அப்புறம் கவனம் எங்க போச்சு" என்று மேனேஜர் கைகழுவிவிட்டார். நான் பார்க்கப் போனபோது அவள் கேட்டாள்: "அக்கா, உங்க பொண்ணு சொன்ன மாதிரியேதானே செஞ்சேன்? நான் எதை விட்டேன்?"

திங்கட்கிழமை விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசாமல் இரு, மகள் வேலைக்கு உலை வைக்காதே என்கிறார் அப்பா. எழுதிக் கொடுத்ததை நீ படிக்க மட்டும் செய்தாயா, பாடத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்ததும் நீதானா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். அது வேறு யார் வாய் வழியாகவும் உனக்கு வந்து சேரக் கூடாது.

அந்த இரண்டு பாடத்தையும் உடனே ஒன்றாக்கச் சொல், கண்ணு. இன்னும் எத்தனை இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ. முடிந்தால் ஒரு நடை வந்து போ. அவளைப் பார்க்கத் தனியாகப் போக வேண்டாம், நான் கூட வருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். சாப்பிடாமல் படுக்காதே.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா