மூன்று முருகா

18-8-57, ஞாயிறு
கோயிலுக்குப் போய் வந்தும் மனம் அடங்கவில்லை. சுதந்திர நாளுக்காக ராஜரத்தினம் முதலாளி மலாக்கா பண்டார் ஹிலிரில் போட்டிருக்கும் மெர்டேக்கா சந்தையில் ‘புத்தம் புதிய துப்பாக்கிப் போர்’ என்று பலகையாம். பக்கத்து வீட்டு அஞ்சலை பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “அக்கா, அப்படியே உங்க வீட்டு மாவுச் சண்டைலா! மூங்கில் துப்பாக்கி, மாவுப் பை, ஒண்ணு விடல!”

புத்தம் புதிதா? போன வருஷம் எங்கள் காஜா பெராங் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பலகை அடித்துத் தடுப்புக் கட்டினாரே, அது என்ன? ஒளிந்து ஓடி ஒருவரை ஒருவர் சுடும் விளையாட்டு. குண்டுக்கு அரிசிமாவுப் பை தைத்தவள் நான். காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் இந்த அவசரகாலத்தில் துப்பாக்கி என்றாலே ஜனங்களுக்குப் பயம். பக்கத்துத் தெங்கேரா வட்டார வாலிபர்கள் நாலைந்து பேர் வந்ததோடு சரி. பலகையைப் பிரித்து அலமாரி செய்துவிட்டோம். அன்று வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்தான் இந்த முதலாளி.

20-8-57
நியாயம் கேட்கச் சொல்லி இவரை அனுப்பினேன். திரும்பி வந்து, “அங்கேயே தடுப்பு பழுதுபார்க்குற வேலை குடுத்திருக்காரு” என்கிறார். வேலை!
“நம்ம பேரப் போடச் சொன்னீங்களா?”
“மாவுக்கும் மூங்கிலுக்கும் பேரு வேணுமான்னு சிரிக்கிறாரு, சாரதா.”
இவரும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பார். என்ன மனுஷன்!

21-8-57
சோறு போட்டேன். குழம்பை அவரே ஊற்றிக்கொள்ளட்டும்.

24-8-57
இதுதான் பொறுக்கவில்லை. அங்கே மாவு பட்டவன் செத்தவனாம். வெளியே போய் மறுபடி டிக்கெட் வாங்க வேண்டுமாம்.

எங்கள் தடுப்புக்குள் யாரும் சாகக் கூடாது என்று சட்டம் வைத்தவள் நான். அடி பட்டால் உட்கார். மூன்று தரம் முருகா சொல். எழுந்து ஓடு. என் தம்பி சுப்பையன் எஸ்டேட் சாலையில் குண்டு பட்டு விழுந்தான், எழவே இல்லை. விளையாட்டிலாவது எழட்டுமே என்றுதான் வைத்தேன். எழுந்திருப்பதையுமா காசுக்கு விற்பான், பாவி?

31-8-57
ஊரே மெர்டேக்கா என்று ஆர்ப்பரித்தது. நான் சண்டை போடத்தான் போனேன். முதலாளி முன் நின்று வாயெடுத்தேன். அதற்குள் தடுப்புக்குள்ளே கூச்சல். ஒரு சீன வாலிபன், சட்டையெல்லாம் மாவு, தரையில் உட்கார்ந்து “முருகா, முருகா, முருகா” என்கிறான்! எழுந்து ஓடுகிறான். அடுத்து ஒரு மலாய்க்காரப் பையன், “சாத்து, டுவா, தீகா” என்று மலாயில் மூன்று வரை எண்ணிவிட்டு எழுகிறான்.

“செத்தவன் வெளிய வாடா!” என்று முதலாளி கத்தினார்.
“யாரு செத்தா? தெங்கேராவுல நாங்க இப்படித்தான்லா ஆடுறோம்!” என்றது ஒரு தமிழ்க் குரல்.
“எவன்டா வச்ச சட்டம்?”
“தெரியாது தவுக்கே. இப்படித்தான் ஆடணும்!”

நான் வைத்தது என்றேன். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

3-9-57
முதலாளி பணிந்துவிட்டார். இனி யாரும் சாக வேண்டாமாம். ஆனால் பலகையில் அவர் பெயர்தான். மாவுப் பை தைத்துத் தரச் சொல்லி ஆள் வேறு அனுப்பினார். “முதல்ல பலகைய மாத்தச் சொல்லு” என்று விரட்டினேன். கோபம் கொஞ்சமும் தீரவில்லை.

தெங்கேரா பிள்ளைகளுக்கு மாவுப் பை தைத்துக் கொடுத்தனுப்ப ஒரு படி அரிசி ஊறப் போட்டிருக்கிறேன். வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதவில்லை. தம்பி பெயரில் எழுதினேன்.