அண்ணி டீ

ஒடிசா
3 மே 2025

அன்பு ஷாயிஸ்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் மெயில். கோபம் ஆறிவிட்டதாக நினைக்காதே.

நீ மேடவாக்கம் ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து ரேடார் திரையைப் பார்க்கிறாய். இந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தின் சுவர் நூலளவு அசைந்தாலும் இங்கே சைரனை அலற விடுகிறாய். இந்த வாரம் மூன்று முறை. ஒரு கல்கூட விழவில்லை. லோடு குறைந்ததற்கு ஷிப்டு பொறுப்பாளன் நான்தான் திட்டு வாங்குகிறேன். சைரன் கேட்டாலே நம்ம கோவிலம்பாக்கம் லாசரஸ், "அண்ணி டீ வந்துடுச்சு, வண்டிய நிறுத்துங்கப்பா!" என்று கத்துகிறான். ஒதுங்கச் சொன்ன மேட்டில் மண்டை பிளக்கும் வெயில். மேற்குச் சுவர் நிழலிலேயே கேனை வைத்து டீ குடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

சைரன் அடிக்கும் அளவைக் கொஞ்சம் ஏற்றி வை. என் மானம் போகிறது.

அஸ்கர்


கீழ்க்கட்டளை
4 மே

மச்சான்,

வ அலைக்கும் ஸலாம். மேற்குச் சுவர் நிழலிலா? மூன்று சைரனும் அந்தச் சுவருக்காக அடித்ததுதான். ஓடுங்கள் என்று நான் கத்தினால், அதன் காலடியிலேயே போய் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்களே! உங்களுக்கு மூளை இருக்கிறதா?

சுரங்க ஆபீஸுக்குச் சொன்னேன். எல்லோரும் மேட்டுக்குத்தான் போகிறார்கள், பதிவேட்டில் உங்கள் கையெழுத்தே இருக்கிறது என்கிறார்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை.

அளவை ஏற்ற மாட்டேன். என்னை ஊரப்பாக்கத்துக்கு, உம்மா வீட்டுக்கே அனுப்பினாலும் ஏற்ற மாட்டேன். அந்தத் திரையில் பாறைதான் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள். பயமாக இருக்கிறது. கேனையாவது மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஷாயிஸ்தா


ஒடிசா
6 மே

ஷாயிஸ்தா,

நீ எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் நேற்றுக் காலையில் கேனை மேட்டில் வைத்தேன். "இன்னாண்ணா, வெயில்ல டீயா? பேஜார் பண்ணாத" என்று லாசரஸ் முறைத்தான்.

மத்தியானம் உன் சைரன். டீ மேலே இருந்ததால் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் ஏறி வந்தார்கள். லாசரஸ் டம்ளரை நீட்டியபோது மேற்குச் சுவர் சரிந்து இறங்கியது. தூசி அடங்கியபின் பார்த்தால், நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தைக் காணோம். வெறும் பாறை. லாசரஸ் டம்ளரைப் பிடித்தபடியே அழுதான். நானும்தான்.

அளவை ஏற்றாதே. சாயங்காலம் கூப்பிடு, எடுக்கிறேன். நீயே பேசு, எனக்குப் பேச வராது.

இன்று கிழக்குப் பக்கம் வேலை. லாசரஸ் வண்டியில் ஏறாமல் நிற்கிறான்.

"இன்னாண்ணா, அண்ணி ஆபீசுக்கு வந்துட்டாங்களா?"

உன்
அஸ்கர்