அப்பா சொல்லும் சின்ன வசனம்

ஆம்பூர்,
ஞாயிறு

அண்ணா, அம்மாவின் கண்ணில் புரை எடுத்திருப்பதால், அவள் சொல்லச் சொல்ல நான், ஹெப்சி, எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். அம்மா சொல்லாமல் விடுவதை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுவேன்.

அன்பு மகன் ரெனால்டுக்கு அம்மாவின் முத்தங்கள். தேவ கிருபையால் இங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லை, டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். (தூக்கத்துக்குக் குறை இருக்கிறது. அம்மா தூங்குவதில்லை.) போனில் சொல்லலாம், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எனக்கும் அழுகை வந்துவிடும். போன வாரம் அவரை வேலூருக்குக் கூட்டிப்போய் மூளையை ஸ்கேன் எடுத்தோம். மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. நினைவுக்கான இடம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். (அதன் பெயர் ஹிப்போகாம்பஸ். நான் கேட்டுக்கொண்டேன்.) "மூளைல மாற்றம் ஆரம்பிக்கும்போது சில பேருக்கு மொதல்ல மறதி தெரியாது, மனசுதான் வாடும். சில பேருக்கு ரொம்ப வருஷம் மனச்சோர்வு இருந்தா மறதி வர வாய்ப்பு ஜாஸ்தி. இவருக்கு எது முன்னாடின்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

எனக்கு உடனே நம் வீட்டு மாலை ஜெபம்தான் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு பைபிள் வசனம் சொல்லும்போது முன்பெல்லாம் அப்பா ஒரு முழுச் சங்கீதத்தையே பார்க்காமல் சொல்வார். ஷூ கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் தப்பிக்கச் சொல்லும் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்ற வசனத்தை, ஆக மொத்தம் மூன்றே சொல், அதை மட்டும் தினமும் சொல்லத் தொடங்கினார். நான் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துவிட்டேன். "இன்னாங்க இது, சண்டே ஸ்கூல் பசங்க மாதிரி டபாய்க்கிறீங்க? வேற சொன்னாதான் சோறு" என்றேன். வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துபோனார். (அன்று நானும் சிரித்தேன்.) பக்கத்து வீட்டு சுகரா பேகம் அப்போதே, "அண்ணன் மொகமே சரியில்ல, எந்நேரமும் பேஜாரா இருக்காரு, டாக்டராண்ட காட்டு" என்றாள். அவருக்கு விசுவாசம்தான் கம்மியாகிவிட்டது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அதோடு விட்டேனா, சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, பின்வாங்கிப் போனவருக்காக ஜெபியுங்கள் என்று கேட்டேன். அந்தச் சேதி காதில் விழுந்த பிறகு அவர் கோவிலுக்கே வரவில்லை.

நீ டப்ளினுக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான் கண்ணு. வாசலில் உன் தலையில் கைவைத்து ஜெபிக்காமல் நின்றாரே, அது கோபமில்லை, வார்த்தை வராமல் நின்றிருக்கிறார். "அவருக்கு யார் மேலயும் பாசமில்லடா" என்று உன்னிடம் சொன்னது நான்தான். அதனால்தான் நீயும் இன்றுவரை போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்வதில்லை. நான் திட்டியதாலா இப்படி ஆனது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "திட்டுனா மூளை சுருங்காதும்மா. மனச்சோர்வுக்கு மருந்து இருக்கு, முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ நாள் கஷ்டப்பட்டிருக்க வேணாம்" என்றார். முதல் பாதியை மறந்துவிடுகிறேன், இரண்டாவது பாதிதான் காதில் நிற்கிறது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம், சோர்வு குறையலாம், மறதி முழுதாகப் போகாது. உன்னை அவருக்கு நன்றாகத் தெரிகிற நாட்கள் இவைதான். என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, ஆனால் இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிறு ஜெப நேரத்துக்கு வீடியோவில் வந்துவிடு. "என்னைத் தெரிகிறதா" என்று அவரைச் சோதிக்காதே, "அப்பா, நான் ரெனால்ட்" என்று நீயே சொல்லிவிடு. காதை மூடாமல் வெளியே போகாதே, வேலை முடிந்து வந்து பட்டினியாகப் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம்

அண்ணா, கையெழுத்து அம்மாவே போட்டது. இன்று ஜெபத்தில் அப்பா அதே வசனத்தைச் சொன்னார். அடுத்து அம்மாவும் அதையே சொன்னாள், பிறகு நானும். அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்து, "ஏன், ரெண்டு பேருக்கும் வேற தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மா அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. இப்போது அப்பா அறை அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறார். இங்கேயும் அணைத்துவிட்டார். இந்த வரி இருட்டில் எழுதியது.