காரணம்: படிக்கட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர, சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்கிறீர்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் சுகமா என்று கேட்காமல் ஆரம்பித்தால் எனக்குக் கை ஓட மாட்டேன் என்கிறது, அதனால் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானதே, அது தானாகக் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். அப்புறம் நீ நாலு தடவை கூப்பிட்டதும், அப்பா எடுத்து, அம்மா குளிக்கப் போயிருக்கா என்று சொன்னதும் எல்லாம் என் காதில் விழுந்தது. நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினேன். குளிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை, கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பதறாதே, பல நாள் வலித்த பல்லைப் பிடுங்கிப்போட்டதும் வருமே, அந்த அழுகைதான். போனில் சொல்ல வாய் வராது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நான் அனுப்பிய என் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனில் முதலில் நீ என்ன கேட்டாய், இந்தக் குட்டிக் கதையெல்லாம் உனக்கு எங்கேருந்தும்மா வருது என்று கேட்டாய். அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் வேலை பார்க்கிற, செயற்கைப் பல் செய்யும் லேபில் அளவு எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் முக்கால் மணி நேரம் அதைத் தொடக்கூடாது. இறுகும்போது அது தானாகச் சூடாகும், சூடு ஆறினால் பிரிக்கலாம். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் போனைப் பார்ப்பார்கள். நான் ஒரு கையைப் பிளாஸ்டர் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் முடிந்துபோன வேலைச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் எழுதுவேன். முன்பக்கம் டாக்டர் எழுதியிருப்பார், எந்தப் பல், என்ன நிறம், என்ன காரணம், எப்போது வேண்டும் என்று. பின்பக்கம் காலி. உள்ளங்கை அகலம்தான், அதனால் கதையும் உள்ளங்கை அகலம்தான். பெரிய எழுத்தாளர்கள் சுருக்கமாக எழுதுவதற்கு என்னென்னவோ காரணம் சொல்வார்கள், என்னைக் கேட்டால் சீட்டு தீர்ந்துபோச்சு, சூடு ஆறிப்போச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பல்செட் மாறிப்போன கதை அப்படியே நடந்தது. ஒரு பெரியவருக்கு வேறொருவருடைய பல்செட்டை டப்பா மாற்றிக் கொடுத்துவிட்டோம். மனிதர் நாலு நாள் அதையே மாட்டிக்கொண்டு, புதுசுன்னா அப்படித்தான் கடிக்கும், பழகிடும் என்று இருந்திருக்கிறார். நான் செய்ததெல்லாம், அந்த நாலு நாளும் அவர் வாயில் அடுத்தவருடைய பேச்சு வர ஆரம்பித்தது என்று ஒரு பொய் சேர்த்ததுதான். தான் பார்த்தே இராத ஒரு பெண்ணிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார் இல்லையா, அந்த இடத்தில் லேப் முதலாளிக்கே கண் கலங்கிவிட்டது, டப்பாவை மாற்றிய ஆள் அவரே என்பதால் இருக்கும். பொய் சொன்னால் பல் வளரும் ஊர் என்ற கதை, எவ்வளவு ராவினாலும் கடிக்கும்போது இடித்துக்கொண்டே இருந்த ஒரு பல் உறையை, கேப் என்போமே, அதைத் திட்டிக்கொண்டே எழுதியது. அதில் வாரம் ஒருமுறை புருஷனுடைய பல்லை ராவிவிடுகிறவள் அவன் பெண்டாட்டிதான், ஏன் வளர்ந்தது என்று அவள் ஒருநாளும் கேட்பதில்லை. படிக்கட்டைக் கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிற கதையைத்தான் நீ ரொம்ப ரசித்தாய். தினமும் என்னை மிதிச்சுக்கிட்டுத்தான் போறாங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லை என்று படிக்கட்டு சொல்லுமே, அதை நீ போனில் குரல் மாற்றிப் படித்துக் காட்டினாய். படித்துவிட்டு, அது என்னம்மா உனக்குப் படிக்கட்டு மேல இவ்வளவு பாசம் என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். அப்போதுதான் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய்.

அந்த நாற்பத்தொன்றாவது கதை கதையே இல்லை, அது உனக்கும் இப்போது தெரியும். எப்படி உள்ளே வந்தது என்று சொல்கிறேன். நான் அச்சகத்துக்குக் கொடுத்தது நாற்பது கதை. அங்கே டைப் அடிக்கிற பெண் கெட்டிக்காரி, ஆனால் ஒரு பக்கம் காலியாக விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் மீந்துவிட்டது. நான் கொடுத்த கட்டின் அடியில் இன்னும் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்திருக்கிறாள், பின்பக்கம் காலி. சரி, அம்மா இந்தக் கதையை முன்பக்கத்தில் எழுதியிருக்காங்க போல என்று முன்பக்கத்தை அப்படியே அடித்துவிட்டாள். புரூஃப் பார்த்தபோது அந்தப் பக்கம் இல்லை, கடைசி நேரத்தில் சேர்த்தது. இருநூறு பிரதியும் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் அடுக்கின பிறகுதான் பார்த்தேன். மேல் முன்பல், இடது, பாதி. பெண், வயது பத்தொன்பது. நிறம்: பக்கத்துப் பல்லைப் போல. காரணம்: படிக்கட்டு என்கிறார்கள். அவசரம் இல்லை. அவ்வளவுதான் கதை. இதில் வேடிக்கை என்னவென்றால் புத்தகத்திலேயே எல்லோருக்கும் பிடித்தது அதுதான். டாக்டரம்மா கிளினிக்கில் காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று ஒரு பிரதி வைத்திருந்தேன், அதைப் படித்துவிட்டு ஒரு நூலகக்காரம்மா போன் செய்து, என்கிறார்கள்னு ஒரு வார்த்தை போட்டீங்களே, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்றார். எனக்கும் பதினைந்து வருஷமாக அதே வார்த்தையால்தான் தூக்கம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதமே. அந்தச் சீட்டு உன்னுடையது. உன் பல்லைச் செய்தவள் நான். உன் பல் உடைந்த அன்றைக்குக் காலையில் வெளியூர்ப் படிப்பு வேண்டும் என்று நீயும், பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று அப்பாவும் மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா. அப்பாவுக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கிய கையைத் தானே பார்த்துவிட்டு இறக்கினார். நான் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் உன் உதடு வீங்கி, முன்பல் பாதி இல்லை. படிக்கட்டுல கால் தவறிட்டேம்மா என்றாய். படிக்கட்டுல கால் தவறிட்டா என்று அப்பாவும் சொன்னார், ஒப்பித்த மாதிரி, ஒரு சொல் மாறாமல். நம் வீட்டுப் படிக்கட்டு மொத்தம் மூன்று படி. அப்பா அன்று சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஒரே வாரத்தில் உன் படிப்புக்கான காகிதத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்தும் போட்டார். நான் இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டிக்கொண்டேன். அந்தச் சீட்டில் டாக்டரம்மாவும் என்கிறார்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது கூட்டல் சரிதான் என்று தோன்றிவிட்டது.

ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். கேட்டால் பதில் வரும். வந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை, அதுதான் உண்மை. அதனால் பல்லை மட்டும் செய்தேன். என் கையால் செய்த பல்லிலேயே அதுதான் அழகு, பக்கத்துப் பல்லுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும், எதற்காக அவ்வளவு மெனக்கெட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டின் பின்பக்கம் மட்டும் ஒன்றும் எழுத வரவில்லை. ஆனால் மற்ற சீட்டுகளில் வேறு என்ன எழுதினேன் சொல், பொய், படிக்கட்டு, கேட்காத பெண்டாட்டி, மன்னிப்புக் கேட்கிற வாய். நாற்பது கதை எழுதியதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆளுக்கு நாற்பது சட்டை மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். அய்யோ என் பல்லையெல்லாம் கதையாப் போட்டுட்டியா, படிக்கட்டாவது ஒண்ணாவது, அது அப்பா வண்டிம்மா என்றாய். காலையில் போட்ட சண்டைக்குச் சமாதானமாக அப்பாவே வந்து, போறதுதான் போற, போற ஊர்ல யாரையும் நம்பி நிக்காம வண்டியாவது ஓட்டக் கத்துக்க என்று கூட்டிப்போனார், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய் முட்டினேன் என்றாய். வீட்டுக்கு வரும் வழியிலேயே இரண்டு பேரும் படிக்கட்டு என்று பேசி வைத்துக்கொண்டு, அதையே நாலு தடவை ஒப்பித்துப் பார்த்தோம் என்றாய். சின்ன மாமா வண்டியிலிருந்து விழுந்து கால் ஊனமான வருஷம் அது. வண்டிச் சாவியை இந்தப் பொண்ணு தொட்டா அன்னிக்கே நான் வீட்டை விட்டுப் போயிடுவேன் என்று நான் கத்தியிருந்தேன், அதற்குப் பயந்துதான் என்றாய். உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோமே, தெரியாதா என்று வேறு கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்? நான் அவ்வளவு பொல்லாதவளா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன், கேட்கவில்லை, பதில் வந்துவிடுமே.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். அப்பா குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. அவர் நிமிரவே இல்லை. குழாயை முறுக்கி முடித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், அதனாலதான் ஓடி ஓடி வந்தியா என்று. நீங்கள் இங்கே வரும்போதெல்லாம் நான் லேபுக்கு முழு லீவு போடுவேன் அல்லவா. நீ பெருமையாகச் சொல்வாய், அம்மாவுக்குப் பேத்தின்னா உயிர் என்று. உயிர்தான், ஆனால் லீவு அதற்காக இல்லை. போன தடவை குழந்தை அவர் காபியைத் தட்டிவிட்டபோது அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். அவர் துடைக்கிற துணியோடுதான் நின்றுகொண்டிருந்தார். நான் குழந்தைகிட்ட போனா நீ ஏன் ஓடி வர்ற என்று அன்றே கேட்டார், பால் பொங்குது என்று என்னவோ உளறினேன். அந்த மனிதர் அதை மறக்கவே இல்லை. ஆமாம், அதனாலதான் என்றேன். கேட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார், அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான். நீ செய்த பாவம் ஒன்றுமில்லை, பத்தொன்பது வயதில் அம்மாவுக்குப் பயந்து சொன்ன பொய் அது. நானும் அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை காபி கொண்டுபோனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சீட்டைக் கொண்டா என்றார். கிழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். காரணம் என்ற இடத்தில் இருந்ததை நேர்கோடு போட்டு அடித்துவிட்டு, அப்பாவின் வண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், பாங்கியில் திருத்தினால் போடுவோமே, அதேபோல. உனக்குப் பயந்து ஒரு பொய் சொன்னதுக்குப் பதினஞ்சு வருஷமாடி, போதும்டி என்றார். சொல்லும்போது சிரித்தார், நான்தான் சிரிக்க முடியாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன், அய்யோ முழங்கால் முழங்கால் என்று கத்திவிட்டார். இப்போது இரண்டு நாளாக வீட்டில் காற்று சுலபமாக வந்து போகிறது. சும்மா இருக்கிறவரைப் பார்த்துச் சும்மா சிரிக்கிறேன். இன்றைக்குக் காலையில், கதையில நான் செத்துப்போறது எத்தனை கதை என்று விசாரித்தார். ஏழு என்றேன். பரவாயில்லையே என்றார்.

இனி எழுத என்ன இருக்கிறது என்று ஒரு பயம் வந்தது, மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்குக் கதை வருமா என்று. நேற்று பிளாஸ்டர் ஊற்றிவிட்டுக் கையை வைத்தேன், ஒரு தண்ணீர்த் தொட்டி தன்னை முட்டிய பெண்ணைத் தேடி ஊர் ஊராகப் போவதாக ஒன்று வந்தது. இதில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை, படித்துவிட்டு அப்பா தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

பேத்திக்கு ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுக்காதே, தானாக விழட்டும், விழுந்ததும் எந்தப் பல் என்று எனக்கு எழுது. மாப்பிள்ளைக்கு இரவில் பல்லைக் கடிக்கிற வழக்கம் குறைந்ததா, குறையவில்லை என்றால் அளவு எடுத்து அனுப்பு, ஒரு பல் கவசம் செய்து தருகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல், கேட்க வேண்டியதை அன்றன்றே கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் சேர்ந்திருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. உன் கேப்புக்கு வயதாகிவிட்டது, ஓரம் கறுத்திருக்கும், விடுமுறைக்கு வரும்போது புதிதாகப் போட்டுவிடலாம். சீட்டில் காரணத்தை நீயே எழுது. இந்தத் தடவை நான் லீவு போடப்போவதில்லை. பேத்தியை அப்பாவிடம் விட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் லேபுக்குப் போய் உன் பல்லைச் செய்வேன். அவசரம் இல்லை, மெதுவாகத்தான் செய்வேன்.

உன் பல்லுக்கும் உனக்கும்
அம்மா