லப்டொப் திகதியைப் பின்னுக்குத் தள்ளினது ஆர்?

திங்கள், 12

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்தும் காத்தில்லை. மத்தியானந்தான் டியூட்டி, அதால காலமை லைப்ரரி.

வேலை: அயர்லாந்து ஆஸ்பத்திரி விண்ணப்பம். எக்ஸ்ரே டெக்னிஷியன், மூண்டு வருஷ ஒப்பந்தம். கடைசி நேரம் வெள்ளி பகல் 12, எங்கட நேரப்படி. பிந்தினால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் எனக்கு நாப்பது, வயசெல்லை முடிஞ்சுது. அதால இதுதான்.

ஏத்தவேண்டியது: சான்றிதழ் 6, கடிதம் 2, பாஸ்போட் ஸ்கான்.

வீட்டில இன்டர்நெட் இருக்கு. ஆனா ஹோலில. ஹோலில அப்பா. அம்மா போய் நாலு வருஷம், வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான். எழுபத்தாறு வயசு மனிசனிட்ட மூண்டு வருஷம் போறன் எண்டு எந்த வாயால சொல்லுறது? கிடைச்சாச் சொல்லுவம். கிடைக்காட்டில் சொல்லத் தேவையே இல்லை. "ஆஸ்பத்திரி ரிப்போட் கொஞ்சம் அடிக்கவேணும்" எண்டு சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான். அவர் "ம்" எண்டார். அந்த "ம்" சரியில்லை.

லைப்ரரி வைஃபை. கனெக்டட் எண்டு காட்டுது. கீழ சின்னதா "இன்டர்நெட் இல்லை". லொகின் பக்கம் தானா வரவேணும், வரேல்ல. ஒருக்கா வந்தது. வந்த உடன சிவப்பு முக்கோணம்: இந்த இணைப்பு பாதுகாப்பில்லை, உங்கட தகவலை ஆரோ களவெடுக்கப் பாக்கலாமாம்.

ஆர்?

பக்கத்து மேசையில ஒருத்தர். கட்டம் போட்ட சட்டை, கறுப்பு லப்டொப். நிமிந்து பாத்தால் அவரும் பாக்கிறார். என்னையில்லை, என்ர மேசைக்குக் கீழ. கேபிள் ஏதும் பூட்டியிருக்கிறாரோ? குனிஞ்சு பாத்தன். ஒண்டுமில்லை.

ஒரு சான்றிதழும் ஏறேல்ல.

செவ்வாய், 13

திரும்பவும் லைப்ரரி. க.ச. (கட்டச் சட்டை) எனக்குப் பின்னாலயே வந்து பக்கத்து மேசையில இருந்திட்டார். இண்டைக்கு வெள்ளைச் சட்டை, எண்டாலும் க.ச. தான்.

செய்து பாத்தவை:
– ஓஃப் பண்ணி ஓன்.
– வைஃபை பேரை அழிச்சுப் போட்டுத் திரும்பச் சேத்தது.
– வேற பிரவுசர்.
– அதே மேசையில மற்றப் பக்கத்துக் கதிரை. (கதிரைக்குக் கீழ சூயிங்கம்.)
– என்ர போன் அதே வைஃபையில நல்லா ஓடுது. லப்டொப் மட்டும் ஏலாது.
– போன் டேட்டாவை லப்டொப்புக்குக் குடுத்துப் பாத்தன். அதே சிவப்பு முக்கோணம்.

அப்ப பிழை லைப்ரரியிலயும் இல்லை. என்ர மெஷினுக்குள்ள ஏதோ பூந்திட்டுது. நேற்று ரொய்லெட் போகேக்க மேசையில விட்டிட்டுப் போனனான். அஞ்சு நிமிஷம். க.ச.வுக்கு அது போதும்.

போனிலயே ஏத்தினால் என்ன எண்டு பாத்தன். விண்ணப்பம் கம்பியூட்டரில மட்டும்தானாம். சனியன்.

க.ச. எழும்பி என்ர பின்பக்கம் வந்தார். படாரெண்டு மூடினன். அவர் திகைச்சுப் போய்ப் பேப்பர் பகுதிக்குப் போனார். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சாரோ எண்டு பாத்தன். நேராத்தான் பிடிச்சார்.

டியூட்டியில, கூட வேலை செய்யிற சாந்தினியிட்டச் சொன்னன். விண்ணப்பம் பற்றி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"உனக்கு வைரஸ்."

"எனக்கில்லை, மெஷினுக்கு."

"இல்லையடி, உனக்குத்தான். உலகத்தில எல்லாரையும் கள்ளர் எண்டு பாக்கிற வைரஸ்."

இரவுச் சாப்பாட்டில அப்பா கேட்டார்: "ரிப்போட் முடிஞ்சுதோ?" ஏன் கேக்கிறார்? என்ர வேலையைப் பற்றி எப்ப கேட்டவர்?

புதன், 14

மழை. கொழும்புக் காலி வீதி முழுக்க வாகன ஹோர்ன். குடை ஒரு கம்பி முறிஞ்சுது.

க.ச. நேரா என்னட்ட வந்தார். "மிஸ், குறை நினைக்காதேங்கோ. உங்கட மேசைக்குக் கீழ ஒரு பிளக் பொயின்ட் இருக்கு. இந்த ஹோலில அது ஒண்டுதான் வேலை செய்யுது. மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீங்கள் எழும்புறீங்களே இல்லை."

வெக்கமாப் போச்சுது. இடம் மாறிக் குடுத்தன். மனிசன் பாவம், முகத்துவாரத்தில இருந்து ரெண்டு பஸ் ஏறி வாறாராம்.

கவுண்டரில இருக்கிற சிங்கள மிஸ்ஸிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். ஒரு பார்வைதான். "டேட் எக பலன்ன மிஸ்", திகதியைப் பாருங்கோ எண்டா. திகதியைப் பாத்தன். போன வருஷம், மார்ச் 3.

அவ சொன்னது விளங்கிச்சுது. வெப்சைட்டுகளுக்கு இன்ன நாளில இருந்து இன்ன நாள் வரை எண்டு ஒரு அத்தாட்சி இருக்காம். என்ர மெஷின் போன வருஷத்தில நிக்குது, அத்தாட்சி இந்த வருஷம் தொடங்குது. அதால எல்லாத்தையும் கள்ள அத்தாட்சி எண்டு நினைக்குது. மெஷினும் என்னை மாதிரித்தான்.

திகதியைச் சரியாக்கி, நேரம் தானா எடுக்கிற மாதிரியும் போட்டு விட்டா. லொகின் பக்கம் வந்தது. ரெண்டு நிமிஷத்தில உள்ள. சான்றிதழ் நாலு ஏத்தினன். டியூட்டிக்கு நேரம் போச்சுது. உள்ளுக்குள்ள பற்றரி பழசானதால திகதி பின்னுக்குப் போயிருக்கும் எண்டு நினைக்கிறன்.

வியாழன், 15

டியூட்டி ஓஃப். வெய்யில்.

லைப்ரரி போய்த் திறந்தால் திரும்பச் சிவப்பு முக்கோணம். திகதி: போன வருஷம் மார்ச் 3. நேரம் தானா எடுக்கிறதையும் ஆரோ நிப்பாட்டியிருக்கினம். பற்றரிக்கு விரல் இல்லை.

நேற்று டியூட்டிக்குப் போற வழியில லப்டொப்பை வீட்டு மேசையில வச்சிட்டுப் போனனான். வீட்டில இருந்தது ஒரு ஆள்.

திகதியைத் திருத்தி மிச்சம் எல்லாம் ஏத்தினன். பெரிய டொக்டரின்ர கடிதம் மட்டும் பாக்கி. நாளைக்குக் காலமைதான் கையெழுத்து வைப்பாராம்.

வீட்டுக்கு வந்து கேட்டன்.

"அப்பா, லப்டொப்பைத் தொட்டனீங்களோ?"

"நான் ஏன் தொடுறன்? எனக்கு அதெல்லாம் என்னெண்டு தெரியும்?"

கண்ணைப் பாக்கேல்ல. கோப்பை கழுவப் போயிட்டார். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

பின்னேரம் பல்கனியில போனில கதைக்கிறார். மற்றப் பக்கம் சிவராசா அங்கிள், கோயில் சிநேகிதம். "ஓம் ஓம், நீர் சொன்ன மாதிரித்தான் செய்தனான். முப்பது நாள் முடிஞ்சாலும் திகதியைப் பின்னுக்குத் தள்ளினால் திறக்குது. இல்லை, அவளுக்குத் தெரியாது."

லப்டொப்பில தேடினன். பழைய ஃபோல்டர் ஒண்டுக்குள்ள சாதகம் பாக்கிற புரோகிராம். முப்பது நாள் இலவசம். அழுத்தினால் "இலவசக் காலம் முடிந்தது" எண்டு பெட்டி வருது. திகதி சரியாயிருந்தால் அது திறக்காது. அது திறந்தால் எனக்கு வைஃபை வராது.

எனக்கு மாப்பிள்ளை பாக்கிறார். முப்பத்தொன்பது வயசில. இல்லாட்டில் விசயம் தெரிஞ்சு வேணுமெண்டே குழப்புறார். எது எண்டாலும் கோவம்தான் வருது. நான் களவா விண்ணப்பம் போடுறன், அவர் களவாச் சாதகம் பாக்கிறார். நல்ல குடும்பம்.

லப்டொப்பை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு.

வெள்ளி, 16

10.15 டொக்டர் கையெழுத்து வைச்சார். 10.50 லைப்ரரி. திகதி சரி. வைஃபை சரி. 11.30க்கு எல்லாம் ஏறியாச்சு.

கடைசிப் பக்கம்: அவசரத்துக்கு ஒரு ஆள். குடும்பத்தவரா இருக்கவேணும். அந்த ஆளின்ர போனுக்கு ஆறிலக்கக் கோட் போகும், பத்து நிமிஷத்துக்குள்ள அதைப் போட்டாத்தான் சப்மிட்.

சாந்தினியைத் தங்கச்சி எண்டு போடுவம் எண்டு அவளுக்குப் போன் எடுத்தன். ரெண்டு தரம். எக்ஸ்ரே அறைக்குள்ள நிண்டிருப்பாள், எடுக்கேல்ல.

11.47. அப்பாவின்ர நம்பரைப் போட்டன். வெளி விறாந்தைக்குப் போய் அவருக்கு எடுத்தன்.

"அப்பா, உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதில ஆறு இலக்கம் இருக்கும். சொல்லுங்கோ."

கண்ணாடி தேடுற சத்தம். பிறகு மெல்ல முணுமுணுக்கிற சத்தம். இங்கிலிஷில முழுக்க வாசிக்கிறார் எண்டு விளங்கிச்சுது. ஆஸ்பத்திரிப் பேர், அயர்லாந்து, என்ர பேர், எல்லாம் அதில இருக்கும்.

"இதுதானோ உன்ர ரிப்போட்?"

"ஓம் அப்பா."

"மார்கழியில பாஸ்போட் புதுப்பிச்சனி. நான் குருடன் இல்லை, பிள்ளை. உன்ர சாதகத்தில பயணம் இருக்கோ எண்டு ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தன்."

மாப்பிள்ளை பாக்கேல்ல. மணி 11.51.

"அப்பா, நேரம் போகுது."

"இப்ப ராகுகாலம். பன்னிரண்டுக்குத்தான் முடியும். இந்த நேரம் ஒரு நல்ல விசயம் துடங்கலாமோ?"

"பன்னிரண்டோட இதுவும் முடியும் அப்பா."

ராகுகாலத்தில கடைக்குப் பாண் வாங்கவும் வெளிக்கிடாத மனிசன். அம்மாவை ஆஸ்பத்திரியால வீட்டுக்குக் கூட்டிவரேக்கையும் ஒன்றரை மணித்தியாலம் வாசலில நிக்க வச்சவர்.

"எழுது. நாலு. பூச்சியம். ஏழு. ஏழு. ரெண்டு. ஒம்பது."

உள்ள ஓடினன். 11.55க்குப் போட்டது. சப்மிட். பச்சை நிறத்தில "கிடைத்தது" எண்டு வந்திச்சுது. போனைக் காதில வச்சால் இன்னும் லைனில நிக்கிறார்.

"போச்சுதோ?"

"போச்சுது."

"எத்தினை வருஷம்?"

"மூண்டு."

"அது பரவாயில்லை. மூண்டு வருஷத்துக்கு நான் இருப்பன். என்ர சாதகத்தையும் பாத்தனான், வடிவாக் கிடக்கு."

லப்டொப்பைத் தொடவே இல்லை எண்டு நேற்று சொன்ன அதே குரல். ஆயுள் பற்றிச் சொன்னது உண்மையோ எண்டு அந்தப் புரோகிராமைத் திறந்து பாக்கலாம். திகதியைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். தள்ளேல்ல.