சோபனாவின் முதல் ஆம்லெட்

அன்பு மகன் கிளாட்சனுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் நாக்கு ஒன்றைத் தவிர. பிரான்ஸ் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் உன் அம்மாவும் தங்கச்சி சோபனாவும் எனக்கு முறை விடுவதில்லை, அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பொறுமையாய்ப் படி.

சோபனாவுக்கு உணவுக்குழாயில் அலர்ஜி வீக்கம் என்று டாக்டர் பால், கோதுமை, முட்டை, மீன், கடலை, சோயா எல்லாவற்றையும் நிறுத்தினாரே, அவள் தின்னாததை நாங்களும் தொடமாட்டோம் என்று வில்லியனூர் மாதா முன்னால் அவசரப்பட்டுச் சத்தியம் செய்தது நான்தான். தவக்காலம் எத்தனையோ பார்த்துவிட்டேன், ஈஸ்டரே வராத தவக்காலத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பால் இல்லாத டீ, அதைக் குடிப்பதற்கு மோட்டார் கொட்டகைத் தண்ணீர் தேவலாம். அம்மாவின் கோழிகளோ சத்தியம் எதுவும் செய்யவில்லை, இட்டுத் தள்ளுகின்றன, எதிர்வீட்டு விஜயகுமாரி கூடையோடு வந்து அள்ளிப்போகிறாள், அவள் பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பிவிட்டது. போன மாதம் தவளக்குப்பம் போனவன் ஒரே ஒரு முட்டை பப்ஸ் தின்றேன், மீசையில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்து உன் தங்கச்சி, "எப்பா, இன்னாது இது?" என்று கேட்டு ஊரைக் கூட்டிவிட்டாள்.

நல்ல செய்தி இதுதான். போன வாரம் மறுபடி தொண்டை வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து நாலு இட்லியை நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் டியூப் விட்டுப் பார்க்க வேண்டும், முதலில் முட்டையா மீனா என்று பாப்பாவே சொல்லட்டும் என்றார் டாக்டர். அவ்வளவுதான், வீட்டில் எலெக்ஷன் வந்துவிட்டது. நான் மீன் கட்சி, அம்மா முட்டைக் கட்சி. நான் புது கொலுசுகூட வாங்கிக் கொடுத்தேன். கொலுசைக் காலில் மாட்டிக்கொண்டு, "முட்டைதான், அதுவும் அண்ணன் வந்து போட்டாதான் துன்னுவேன்" என்று சொல்லிவிட்டாள். டாக்டராவது திட்டுவார் என்று போய்ச் சொன்னால் அவர் சிரித்து, கிறிஸ்துமஸ் வரை பொறுக்கலாம் என்கிறார்.

பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். அம்மாதான் சொன்னாள், பிள்ளைக்குப் பயமாம், மறுபடி அடைத்துக்கொண்டால் நீ பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அன்று கறித்துண்டு நெஞ்சில் அடைத்து அவள் கண் பிதுங்கியபோது நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம், தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதானே.

லீவு சந்தேகம் என்று இனிச் சொல்லாதே, இன்றே டிக்கெட் போடு. நீ தள்ளிப்போட்டால் என் டீயும் தள்ளிப்போகும். சாக்லேட் வாங்கி வராதே, அதில் பாலும் கடலையும் இருக்கும், வாசனை பிடித்தே நான் செத்துப்போவேன். ஸ்வெட்டர் போடு, பூசைக்குப் போ. ஆண்டவர் உன்னை எப்போதும் காப்பாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
அல்போன்ஸ்

மறந்துவிட்டேன். அங்கே நன்றாகச் சமைக்கப் பழகிவிட்டாயாம், அந்தத் திறமையை இங்கே காட்டாதே. முன்பு போட்ட மாதிரியே ஆம்லெட் ஓரத்தைக் கருக விடு, அவள் கேட்டது அதைத்தான்.