காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டியவர்கள்

என் சுண்டெலிக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கணுக்கால் வலி குறைந்து நலமாக இருக்க வேண்டும். அப்பா உன் மேட்சைப் பார்த்துவிட்டு, அந்த ஊரு குளிருல இறகுப் பந்து மெதுவாத்தான் பறக்கும், அதான் இவ அடிச்சது பாதியிலேயே விழுது என்று காய்கறிக் கடைக்காரர் வரைக்கும் விளக்கம் சொல்லிவிட்டார். ஒரே வருஷத்தில் ஏழு நாட்டில் பேட்மிண்டன் ஆடிவிட்டாய், அந்த ஊர்ப் பெயர்கள்கூட என் வாயில் நுழையவில்லை.

பதினோரு நாள் முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். ஊக்கமருந்து சோதனைக்கு வந்தபோது நீ இல்லை என்று மெயில் வந்ததாகப் போனில் அழுதாயே, நான் வீட்லதானேம்மா இருந்தேன், யாருமே வரலையே, கோச்கூட நம்ப மாட்டேங்கிறாரு என்றாயே, நான் ம் கொட்டிக்கொண்டு நின்றேன். வந்தார்கள்டி. நீ லீவில் வந்த மூன்றாம் நாள், காலை ஆறு மணிக்கு, ஒரு அம்மாளும் பெட்டியோடு ஒரு ஆளும். நீங்க அவங்க அக்காவா என்று கேட்டாள், பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவளுக்கு அந்த நேரத்திலும் உள்ளூர ஒரு பூரிப்பு, வெட்கக்கேடு. என்ன விஷயம் என்று கேட்டால், அவங்ககிட்டதான் சொல்ல முடியும் என்றார்கள். பேட்மிண்டன் மட்டை விற்கிற ராக்கெட் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவ நேத்தே கிளம்பிட்டாளே என்று வாய் கூசாமல் சொன்னேன். முந்தின நாள்தான் கால் வீங்கிப்போய்ப் படுத்திருந்தாய், பிள்ளை தூங்கட்டும் என்று உன் அறைக் கதவையும் சாத்திவிட்டேன். போகாமல் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்று இன்னும் இரண்டு தடவை தட்டினார்கள். சொன்ன பொய்க்கு மேல் எப்படித் திறப்பது, அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றேன். அப்பா காலை ஷிஃப்டில் இருந்தார், அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

முதல் தடவை சோதனைக்கு வந்தபோது ரயில் தாமதம், அடுத்தது ஹோட்டல் மாறியதை அவர்களிடம் பதிய மறந்தாய், இது மூன்றாவது, ஒரே வருஷத்தில் மூன்று தடவை தவறினால் இரண்டு வருஷம் ஆட முடியாது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம். படித்தவள் செய்கிற காரியமா இது. நேற்று அப்பாவிடம் சொன்னேன். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, இதை விசாரிக்கிற ஊக்கமருந்துக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு வாயால் சொல்ல வரவில்லை, அதனால் இந்தத் தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன். முதலில் கோச்சிடம் காட்டு. அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எதையும் மாற்றிச் சொல்லாதே, அவர்கள் என்ன முடிவு செய்வார்களோ எனக்குத் தெரியாது. காலுக்கு ஐஸ் வை. நீ எங்கே ஆடினாலும் ஆடாவிட்டாலும் நன்றாக இருப்பாய், அது என் மனமார்ந்த ஆசி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டியிலிருந்து கூப்பிடுவார்களாம். என் போனை எடுக்க மனசில்லாவிட்டால் விட்டுவிடு, அவர்கள் போனை மட்டும் எடுத்துவிடு.

உன் அம்மா